தலையுதறும் புரவியும் நம் முன்னோரும்

பரி, புரவி, இவுளி, மா எனக் குதிரைக்குப் பல பெயர்கள் வழங்கிய மொழி நம் மொழி. ஆயினும் உயர்ந்த சாதிக் குதிரைகள் பெரும்பாலும் கடல் கடந்தே தமிழகம் வந்தன. காவிரிப்பூம்பட்டினத்தில் கலம்வழி வந்திறங்கிய குதிரைகளைப் பட்டினப்பாலை குறிக்கின்றது. பாண்டியன் அளித்த பொருளுடன் குதிரை வாங்கச் சென்ற மணிவாசகர் கதையை நம் வீடுகளில் அறியாதார் இலர். குதிரையை வாங்கியோர் கதை இவ்வாறு நிலைபெற்றது. அதனைப் பேணியோர் கதையோ ஏட்டில் ஏறவில்லை. அக்கதையை ஒரு நோயின் வழியே ஈண்டு நோக்குவோம்.

பேணுதல் இன்றேல் என்னாகும் என்பதற்கு மார்க்கோ போலோ சான்று பகர்கிறார். 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டுக் கரைக்கு வந்த அவர், அரசனும் அவன் உடன்பிறந்தாரும் ஆண்டுதோறும் தனித்தனியே இரண்டாயிரம் குதிரைகளுக்கு மேல் வாங்கினர் என்றும், ஆண்டு முடிவில் நூறுகூட எஞ்சவில்லை என்றும் எழுதினார். குதிரை மருத்துவர் இன்மையும் வளர்க்கும் முறை அறியாமையுமே காரணம் என்பது அவர் கூற்று. மருத்துவர் அங்குச் செல்லாதவாறு வணிகரே தடுத்தனர் என்றும் குறிக்கிறார். எண்ணிக்கையில் மிகை இருக்கலாம். எனினும் பொன்னால் குதிரையை வாங்கலாம், குதிரையறிவை வாங்க இயலாது என்னும் உண்மை அதில் உண்டு.

இனி நாம் வாழும் பெங்களூருக்கு வருவோம். 1809இல் ஆங்கிலேயர் சீரங்கப்பட்டணத்திலிருந்த படையை இங்கு மாற்றித் தண்டு அமைத்தனர். சிவாஜிநகர்த் தண்டு மாரியம்மன் கோயிலின் பெயரில் அச்சொல் இன்றும் வாழ்கிறது. மதராஸ் படையுடன் தமிழர் வந்தனர்: சிப்பாய்கள், வணிகர், கொத்தர், சமையற்காரர், குதிரைக்காரர். தென்னாட்டு வழக்கப்படி குதிரையைக் குதிரைக்காரர் கவனித்தார். அதற்குப் புல் அறுத்துச் சுமந்து வந்தவர் அவர் மனைவி. ஒரு குதிரையின் பின்னே ஒரு குடும்பமே உழைத்தது. 1896இல் இங்கு வந்த இளம் படை அதிகாரி வின்ஸ்டன் சர்ச்சில் போலோ ஆடியதை நூல்கள் பேசுகின்றன. ஆட்டக் குதிரைகளைத் தேய்த்துக் குளிப்பாட்டிய கைகளுக்கு உரியவர் பெயரை அவை பேசவில்லை.

அக்காலத்தை ஒட்டியே நாம் கருதும் நோயும் மருத்துவ ஏட்டில் இடம்பெற்றது. ஏறிச் செலுத்தும்போது சில குதிரைகள், மூக்கினுள் தேனீ கொட்டினாற்போலத் திடீரெனத் தலையை மேலும் கீழும் உதறும், செருமும், மூக்கை முன்னங்காலில் தேய்க்கும். இதனைக் குறும்பு என்றே பலர் கருதினர். தலையைத் தூக்கவொட்டாமல் மார்புவாரோடு பிணைத்தனர், கடிவாளத்தை இறுக்கினர், சாட்டையும் எடுத்தனர். 1897இலேயே வில்லியம்ஸ் என்னும் அமெரிக்கக் கால்நடை மருத்துவர், முகத்து உணர்வு நரம்பை அறுத்து இத்துன்பத்தைத் தணித்ததாக எழுதினார். நோயின் இருப்பிடத்தை அவர் சரியாகவே சுட்டினார். எனினும் நரம்பறுத்தல் நம்பத்தக்க மருத்துவமாக நிலைபெறவில்லை. 2013இல் கலிபோர்னியாப் பல்கலைக்கழக டேவிஸ் வளாகத்து ஆய்வாளர், நோயுற்ற குதிரைகளில் முக்கிளை நரம்பு மிகச் சிறு தூண்டலுக்கும் கிளர்ந்தெழுவதை அளந்து காட்டினர். குறும்பென்று அடிபட்டது வலியே என்பது தெளிவாயிற்று.

இந்நோயை முற்றும் தீர்க்கும் மருந்து இன்றும் இல்லை. முதலில் பல், காது, கண், கடிவாளம், சேணம் ஆகியவற்றில் குறை உண்டா எனப் பார்த்து நீக்க வேண்டும். குறை காணாவிடில், நாசித்துளைகள்மேல் மெல்லிய வலை கட்டுவது சில குதிரைகளுக்கு ஆறுதல் தரும். ஒளியால் துன்புறுவனவற்றுக்குக் கண்மறைப்பு அணிவிக்கலாம். வெயில் தாழ்ந்தபின் ஏறிச் செலுத்தலாம். எல்லாக் குதிரைக்கும் ஒரே வழி பயன்படாது. ஆகவே மருத்துவர் வினவுகிறார்: எப்பருவத்தில் உதறுகிறது? வெயிலிலா, நிழலிலா? ஓடும்போதா, நிற்கும்போதா? இவ்வினாக்களுக்கு விடை கூறவல்லவர் குதிரையின் உரிமையாளர் அல்லர்; வைகறை முதல் இரவு வரை அதன் அருகே நிற்பவர். வாய் பேசா உயிரின் வலிக்குச் சாட்சி அவரே.

1958இல் எப்பாளத்தில் கால்நடை மருத்துவக் கல்லூரி தோன்றியது. அதற்கு ஒன்றரை நூற்றாண்டு முன்பே இந்நகரில் குதிரையோடு பழகிய அறிவு நம்மவர் கைகளில் இருந்தது. அது நூலாகவில்லை, கைகள் ஓய்ந்தபோது அதுவும் மறையலாயிற்று. அல்சூரிலும் சிவாஜிநகரிலும் மர்பி டவுனிலும் வாழும் நம் குடும்பங்களில், பாட்டன் லாயத்தில் வேலை பார்த்தார், பாட்டி புல் சுமந்தார் என்று தாழ்ந்த குரலில் கூறுவோர் உளர். தாழ்ந்த குரல் வேண்டா. அம்முதியோர் கேட்டறிந்தவற்றை, எத்தீனி கொடுத்தனர், எந்நோய்க்கு என்ன செய்தனர் என்பதுவரை, இளைஞர் இன்றே கேட்டு எழுதி வைத்தல் வேண்டும். இந்நகரின் வரலாற்றில் நமக்குரிய பக்கங்களுள் அதுவும் ஒன்று.