பிறர் போரும் குச்சிக்கிழங்குக் காடும்: 1939–45 காட்டும் கணக்கு

நாமக்கல்லிலிருந்து சேந்தமங்கலம் வழியாகக் கொல்லிமலைக்குப் போகிறவர்கள், காரவள்ளியில் 70 கொண்டை ஊசி வளைவுகள் தொடங்குவதற்கு முன் காளப்பநாயக்கன்பட்டியைக் கடக்கிறார்கள். மலையில் வெட்டிய குச்சிக்கிழங்கு (மரவள்ளி) லாரிகளில் ஏறி, அடிவாரத்துச் சேகோ (ஜவ்வரிசி) ஆலைகளுக்கு இறங்குகிறது. சாமையும் தினையும் விளைந்த மலைக்காடுகள் பலவற்றை இந்தக் கிழங்கு பிடித்துக்கொண்டது. அதை ஆலைப் பயிராக்கியதில் இரண்டாம் உலகப் போருக்கும் பங்கு உண்டு. அந்தப் போரை இந்தியா தொடங்கவில்லை. ஆளும் பொருளும் கொடுத்துத் துணைநின்றது.

அந்தத் துணையின் விலை என்ன, அதை யார் கட்டினார்கள் என்பதே இக்கட்டுரையின் கேள்வி. செலவின் பெரும்பகுதி அரசின் கணக்கேட்டில் ஏறாமல் விலைவாசியாக மாறி எளியவர் அடுப்பைத் தொட்டது என்பதும், போர் பரவும் எல்லை துணைநின்றவர் கையில் இருக்கவில்லை என்பதும் இங்கே முன்வைக்கப்படும் வாதங்கள்.

1939 செப்டம்பர் 3 அன்று வைஸ்ராய் லின்லித்கோ, எந்தச் சட்டமன்றத்தையும் கேட்காமல் இந்தியாவைப் போரில் சேர்த்தார். திருச்செங்கோட்டுப் பக்கம் ஆசிரமம் நடத்தி, இவ்வட்டாரத்தை நன்கறிந்த ராஜாஜியின் சென்னை மாகாணக் காங்கிரஸ் அமைச்சரவை அக்டோபர் இறுதியில் பதவி விலகியது. பாசிசத்தை எதிர்ப்பதில் காங்கிரசுக்குத் தயக்கம் இருந்ததில்லை. கட்டப்போகிறவர்களைக் கேட்காமல் செலவுக்குக் கையெழுத்திட்டதையே அது எதிர்த்தது.

அந்த நவம்பரில் ஒரு நிதி ஒப்பந்தம் உருவானது. இந்தியப் பாதுகாப்புக்கான செலவை இந்தியா ஏற்கும். கடல் கடந்து போரிடும் படைகளின் செலவில் பெரும்பகுதியைப் பிரிட்டன் ஏற்கும். தாளில் இது நியாயமாகவே இருந்தது. ஆனால் பிரிட்டன் தன் பங்கைப் பொருளாகக் கொடுக்கவில்லை. லண்டனில் ஸ்டெர்லிங் வரவாக எழுதி வைத்தது. அந்த வரவை ஈடாகக் காட்டி ரிசர்வ் வங்கி இங்கே நோட்டு அச்சிட்டது. துணியும் தானியமும் படைக்குப் போயின. அவற்றுக்கு ஈடாக ஊரில் காகிதம் பெருகியது. போர் முடிவதற்குள் புழக்கத்திலிருந்த நோட்டு ஆறு மடங்கைத் தாண்டியது. மொத்த விலை இரண்டு மடங்குக்கு மேல் ஏறியது. சட்டமன்றம் வாக்களிக்காத வரி ஒன்றைச் சந்தை வசூலித்தது.

பரவலின் கதை இன்னும் கடுமையானது. 1939-இல் ஐரோப்பாவில் மூண்ட போர், 1941 டிசம்பரில் ஜப்பான் இறங்கியதும் வங்கக் கடலுக்கு வந்தது. 1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் வீழ்ந்தது. மார்ச் 8 அன்று ரங்கூன். ஏப்ரல் 5 அன்று கொழும்பிலும் மறுநாள் விசாகப்பட்டினத்திலும் குண்டுகள் விழுந்தன. சென்னை நகரத்தவர் மூட்டை முடிச்சுகளோடு உள்நாட்டுக்கு ஓடினார்கள். அரசு அலுவலகங்களும் இடம்பெயர்ந்தன. இரண்டரை ஆண்டுக்கு முன் இந்த வரைபடத்தை வைஸ்ராய் உட்பட எவரும் ஊகித்திருக்க முடியாது.

ரங்கூனோடு பர்மா அரிசியும் போனது. வங்காளத்தில் எதிரி கையில் சிக்கக்கூடாதென்று படகுகளையும் நெல்லையும் அரசே அகற்றியது. 1943-இன் பஞ்சத்தில் 15 லட்சம் பேர் இறந்ததாக விசாரணைக் குழு கணக்கிட்டது. பின்வந்த ஆய்வாளர்கள் 30 லட்சம் வரை சொல்கிறார்கள். போர்ச் செலவால் விலை பொங்கியபோது கூலி அதற்கு ஈடாக ஏறாததே கிராமக் கூலிகளைக் கொன்றது என்று 1981-இல் அமர்த்தியா சென் வாதிட்டார்.

எதிர்வாதம் ஒன்று உண்டு. பிரிட்டனுக்குக் கடன்பட்டிருந்த இந்தியா, போர் முடிவில் சுமார் 1,700 கோடி ரூபாய்க்குக் கடன் கொடுத்த நாடாக எழுந்தது. புதிய தொழில்களும் பிறந்தன. சேகோ தொழிலே அதற்குச் சான்று. தென்கிழக்காசிய இறக்குமதி நின்றிருந்த 1943-இல், கருவாட்டு வியாபாரத்துக்காகக் கேரளம் போய்வந்த சேலத்து மாணிக்கம் செட்டியார், பினாங்கிலிருந்து வந்த போபட்லால் ஷாவிடம் கிழங்கு மாவெடுக்கும் நுட்பம் அறிந்து இத்தொழிலைத் தொடங்கினார். இன்று பல குடும்பங்கள் அதில் பிழைக்கின்றன.

இந்த வாதம் பாதி உண்மை. லண்டன் வரவு உடனே எடுத்துச் செலவிடக்கூடிய பணமாக இருக்கவில்லை. பல ஆண்டுகளில் தவணை தவணையாகவே வந்தது. பட்டினி கிடந்தவருக்கும் அந்த வரவு எழுதப்பட்டவருக்கும் தொடர்பே இல்லை. சேகோவும் தட்டுப்பாட்டின் குழந்தை: கிழங்கு ஏழைகளின் உணவு என்பதால் 1944-இல் சேலம் கலெக்டர் ஜவ்வரிசியை மாவட்டத்துக்கு வெளியே விற்கத் தடை விதிக்க நேர்ந்தது. அப்போது இன்றைய நாமக்கல் பகுதியும் சேலத்தில்தான் இருந்தது.

சுதந்திர இந்தியாவுக்கும் இந்தக் கணக்கு பொருந்துகிறது. ஆயுதம், கடன், துறைமுகம் என எந்த வடிவில் பிறர் போருக்குத் துணைபோக நினைத்தாலும், விலைவாசி மதிப்பீடும் விலகும் நிபந்தனையும் முதலில் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட வேண்டும். உக்ரைன் போரில் இந்தியா எந்தப் பக்கமும் சேரவில்லை. அப்படியிருந்தும் 2021-22-இல் ஒன்றரை லட்சம் கோடி ரூபாய் அளவில் இருந்த உர மானியம், மறு ஆண்டில் இரண்டரை லட்சம் கோடியைத் தொட்டது. குச்சிக்கிழங்கு பருக்கப் பொட்டாஷ் தேவை. அதற்கு இந்தியா இறக்குமதியையே நம்பியிருக்கிறது. ரஷ்யாவும் பெலாரசும் அதன் பெரிய உற்பத்தியாளர்கள். காளப்பநாயக்கன்பட்டி விவசாயி உரக்கடையில் மூட்டைக்கு எண்ணி வைக்கும் பணத்தில் அந்தப் போரும் சேர்ந்திருக்கிறது.