கார்டும் ஆலையும்: கிராபிக்ஸ் சிப் இணைப்புகளின் கதை

கிராபிக்ஸ் சிப் தொழிலில் சிப்பின் சுற்றமைப்பை ஒரு நிறுவனம் வடிவமைக்க, பிறருக்காக ஒப்பந்த அடிப்படையில் உற்பத்தி செய்யும் 'ஃபவுண்டரி' என்ற ஆலை அதைச் சிலிக்கான் தகட்டில் உருவாக்கித் தர, அதை நினைவகத்தோடு சேர்த்துப் பொருத்தி கார்டாக்கிக் கடைக்கு அனுப்பும் வேலையை மூன்றாவது நிறுவனம் செய்வது வழக்கம். 1987-ல் தைவானில் டிஎஸ்எம்சி என்ற ஃபவுண்டரி தொடங்கப்பட்ட பின் வேரூன்றிய இந்தப் பிரிவினை, பங்குச் சந்தையின் கண்ணுக்குக் கைநழுவும் லாபமாகத் தெரிந்தது. ஆகவே யார் யாரை வாங்கினால் எந்த அடுக்கின் லாபம் கைக்கு வரும் என்ற ஊகம் அங்கே ஓயாமல் ஓடியது.

அந்த ஊகத்தை நம்பிச் செயலில் இறங்கிய நிறுவனங்களில் த்ரீடிஎஃப்எக்ஸ் முக்கியமானது. 1994-ல் கலிபோர்னியாவின் சான் ஹோசேவில் தொடங்கப்பட்ட அந்நிறுவனம் 1996-ல் வெளியிட்ட வூடூ சிப், முப்பரிமாணக் காட்சியை மட்டுமே வரையும் என்பதால், சாதாரணத் திரைக்கு வேறொரு கார்டு தேவைப்பட்டது; இரண்டையும் கணினியின் முதுகுப்புறத்தில் ஒரு கேபிள் இணைத்தது; ஆர்க்கிட் நிறுவனத்தின் கார்டிலோ, விளையாட்டு தொடங்கும்போது உள்ளே ரிலே மாறும் 'டக்' என்ற ஒலி வெளியே கேட்கும். இத்தனை தொல்லையையும் மீறி அது விற்றதற்குச் சிப்பின் திறன் ஒரு காரணம் என்றால், டயமண்ட், ஆர்க்கிட் போன்ற நிறுவனங்கள் தத்தம் பெயரில் கார்டு செய்து, விளம்பரச் செலவையும் விற்காத சரக்கின் சுமையையும் தாமே ஏற்றுக்கொண்டது மற்றொரு காரணம்.

1998 டிசம்பரில் த்ரீடிஎஃப்எக்ஸ், டெக்சாஸைச் சேர்ந்த எஸ்டிபி என்ற கார்டு நிறுவனத்தைச் சுமார் 14.1 கோடி டாலர் மதிப்பிலான பங்குகளுக்கு வாங்குவதாக அறிவித்தது. மெக்சிகோவின் ஹுவாரெஸ் நகரில் ஆலை வைத்திருந்த எஸ்டிபி, அதுவரை போட்டியாளரான என்விடியாவின் சிப்பிலும் கார்டு செய்து விற்றுவந்ததால், கார்டின் லாபத்தைக் கைப்பற்றுவதோடு எதிராளியின் விற்பனைக் கரத்தையும் முறித்துவிடலாம் என்ற கணக்கு மேலோட்டமாகப் பார்க்கையில் பிழையற்றதாகவே தோன்றியது. அதில் விடுபட்டவர்கள் பழைய வாடிக்கையாளர்கள். தமக்குச் சிப் விற்றவரே தமக்குப் போட்டியாகக் கடை விரித்ததைக் கண்ட டயமண்டும் கிரியேட்டிவ் நிறுவனமும் என்விடியாவின் சிப்பை முன்னிறுத்தின. நினைவகத்தின் விலையேற்றமும் கார்டு தேங்கும் நட்டமும் இனி த்ரீடிஎஃப்எக்ஸின் கணக்கிலேயே ஏறும் நிலை வந்தது. அடுத்த தலைமுறைச் சிப் தாமதமாகி, 2000-ல் வூடூ 5 வந்தபோது என்விடியாவின் ஜீஃபோர்ஸ் முந்திவிட்டிருந்தது என்பதால், பழி முழுவதையும் இணைப்பின் தலையில் கட்டுவது நியாயமாகாது. 2000 டிசம்பரில் காப்புரிமைகள் உள்ளிட்ட சொத்துகளை 7 கோடி டாலர் ரொக்கத்துக்கும் 10 லட்சம் பங்குகளுக்கும் அந்த என்விடியாவுக்கே விற்க ஒப்புக்கொண்ட த்ரீடிஎஃப்எக்ஸ், 2002-ல் திவாலானது. 1999-ல் டயமண்டை வாங்கி இதே வழியில் சென்ற எஸ்3 நிறுவனமும் விரைவிலேயே கிராபிக்ஸ் தொழிலைக் கைவிட்டது.

ஊகத்தின் அடுத்த சுற்று கார்டை விட்டு ஆலையின் பக்கம் திரும்பியது. ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் சொந்த ஆலைகள் வைத்திருந்த பிராசசர் நிறுவனமான ஏஎம்டி, கனடாவின் ஏடிஐ என்ற கிராபிக்ஸ் சிப் நிறுவனத்தைச் சுமார் 540 கோடி டாலருக்கு வாங்குவதாக 2006 ஜூலையில் அறிவித்து, அதற்காக 250 கோடி டாலர் கடனும் பெற்றது. ஏடிஐயின் சிப்புகள் தைவானிலிருந்து டிரெஸ்டனுக்கு மாறும், ஆலைகள் நிரம்பும் என்று முதலீட்டாளர் பலர் எதிர்பார்த்தனர். ஆனால் ஒரு சிப்பின் வரைபடம், எந்த ஆலைக்கு எடுத்துச் சென்றாலும் அப்படியே அச்சாகும் புத்தகப் படி அல்ல. டிரெஸ்டனில் மின்கடத்தாப் படலத்தின்மேல் சிலிக்கானை அமைக்கும் முறை வழக்கிலிருக்க, ஏடிஐயின் சிப்புகள் டிஎஸ்எம்சியின் சாதாரணச் சிலிக்கான் முறைக்கென வரையப்பட்டிருந்தன; ஆலையை மாற்றினால் டிரான்சிஸ்டர் அளவிலிருந்தே பெரும்பகுதியை மீண்டும் வரைய வேண்டும். இந்த இடைவெளியின் அளவு, பிராசசரையும் கிராபிக்ஸையும் ஒரே சிப்பில் சேர்க்கும் 'ஃப்யூஷன்' திட்டத்தில் வெளிப்பட்டது: எந்த நோக்கத்துக்காக ஏடிஐ வாங்கப்பட்டதோ அதன் முதல் சிப்புகள் 2011 தொடக்கத்தில் டிஎஸ்எம்சியிலிருந்தே வெளிவந்தன.

அதற்குள் ஏஎம்டியிடம் சொந்த ஆலையே இல்லை. இன்டெலின் போட்டியும் கடனும் ஒருசேர நெருக்க, அபுதாபி அரசின் முதலீட்டு நிறுவனத்தோடு சேர்ந்து, ஆலைகளை 2009 மார்ச்சில் குளோபல்ஃபவுண்டரீஸ் என்ற தனி நிறுவனமாகப் பிரித்துவிட்டது. 2018 ஆகஸ்டில் குளோபல்ஃபவுண்டரீஸ் 7 நானோமீட்டர் உற்பத்தி முறையைக் கைவிட்டபோது, ஏஎம்டி அந்தத் தலைமுறையின் பிராசசர்களையும் கிராபிக்ஸ் சிப்புகளையும் டிஎஸ்எம்சியிடமே ஒப்படைத்தது.