யாருடைய அணி?

மாநிலத்தின் பெயரால் ஆடும் உரிமை யாருக்கு உண்டு? பிறந்தவருக்கா, வாழ்பவருக்கா?

ரஞ்சிக் கோப்பையின் முதல் ஆட்டம் 1934 நவம்பர் 4 அன்று சேப்பாக்கத்தில் தொடங்கி அன்றே முடிந்தது. மைசூர் 48, 59 ஓட்டங்களில் சுருண்டது. சென்னை எடுத்தது 130. இன்னிங்ஸ் வெற்றி. ஏ. ஜி. ராம்சிங் 35 ஓட்டங்கள் மட்டும் கொடுத்துப் பதினொரு விக்கெட்டுகளைச் சாய்த்தார்.

அதுவரை சென்னையின் பெரிய ஆட்டம், பொங்கலையொட்டி ஐரோப்பியரும் இந்தியரும் எதிரெதிரே நின்ற மாகாண ஆட்டமே. அங்கே நிறமே அணியைத் தீர்மானித்தது. ரஞ்சியிலோ, சீக்கியரான ராம்சிங்கும் தமிழரான எம். ஜே. கோபாலனும் ஆங்கிலேயரான ஜான்ஸ்டனும் ஒரே அணி. வாழும் ஊர் அவர்களை இணைத்தது.

ஆஸ்திரேலியக் கால்பந்து எதிர்த்திசையில் நடந்தது. செல்வமிக்க விக்டோரியக் கழகங்கள் பிற மாநிலத்து வீரர்களை ஈர்த்துக்கொள்ள, அவர்கள் தாய்மண்ணுக்கு எதிராகவே ஆட நேர்ந்தது. 1977 அக்டோபரில் பிறப்பிட விதி வந்தது. அவ்விதிப்படி நடந்த முதல் ஆட்டத்தில் மேற்கு ஆஸ்திரேலியா விக்டோரியாவை 94 புள்ளிகளில் வீழ்த்தியது.

அவ்விதி அங்கே நியாயம் வழங்கியது, மெய்தான். ஆனால் 1934இல் அதுவே இங்கிருந்திருந்தால் இங்கிலாந்தில் பிறந்த ஜான்ஸ்டனுக்குச் சென்னை அணியில் இடமேது? வந்தாரை வாழவைக்கும் ஊர் என்ற பெருமைக்குச் சேப்பாக்கத்தின் அந்த ஒருநாளும் ஒரு சான்று.