ராஜ்யதர் கோனாயின் கையும் நம் ஆதார் ஜெராக்ஸும்

பிழைப்புக்காக வெளிமாநிலம் வந்த நம் குடும்பங்களில் எல்லோர் வீட்டு பீரோவிலும் ஒரு பிளாஸ்டிக் கவர் இருக்கும். ஆதார், பான், வாக்காளர் அட்டை, ஊர் ரேஷன் கார்டு, வாடகை ஒப்பந்தம் என எல்லாவற்றிலும் நாலு நாலு ஜெராக்ஸ். கேஸ் இணைப்பு, பள்ளிச் சேர்க்கை, வீட்டுக்காரர், ஓட்டல் அறை, கண் டாக்டர்... யார் கேட்டாலும் ஒன்றை உருவிக் கொடுத்துவிட்டு டோக்கன் வாங்கிக்கொள்கிறோம். எதற்கு என்று நாம் கேட்பதும் இல்லை, அவர்கள் சொல்வதும் இல்லை. உள்ளூர்க்காரனுக்குத் தெருவில் நாலு பேர் சாட்சி. நமக்கு அந்தக் கவர்தான் சாட்சி.

நான் குப்பை கொட்டும் கொல்கத்தாவுக்கும் இந்தச் சமாச்சாரத்துக்கும் ஒரு பூர்வஜென்ம பந்தம் உண்டு. அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1858. சிப்பாய்க் கலகத்துக்கு மறுவருஷம். முர்ஷிதாபாத் பக்கம் ஆற்றங்கரையில் ஜங்கிபூர் என்று ஒரு ஊர். அங்கே அதிகாரியாக இருந்தவர் வில்லியம் ஹெர்ஷல், வயது 25. (யுரேனஸ் கிரகத்தைக் கண்டுபிடித்த ஹெர்ஷலின் பேரன். தாத்தா வானத்தைப் பார்த்தார், பேரன் உள்ளங்கையைப் பார்த்தார்!) ரோடு போடச் சரளை வேண்டும். ராஜ்யதர் கோனாய் என்ற உள்ளூர்க்காரரிடம் ஒப்பந்தம் போடுகிறார். எழுதிக் கையெழுத்தும் ஆகிவிட்டது. ஆனால் நாளைக்கு "இது என் கையெழுத்தே இல்லை துரை" என்று மனுஷன் சொல்லிவிட்டால்? ஆபீஸ் முத்திரைக்கு வைத்திருந்த மையை எடுத்து கோனாயின் உள்ளங்கையில் தடவி ஒப்பந்தத்தின் பின்பக்கம் அழுத்தி வைத்துக்கொண்டார் ஹெர்ஷல். ஆளை மிரட்டி வைப்பதற்காகச் செய்ததுதான் என்று பின்னாளில் அவரே எழுதியிருக்கிறார். விஞ்ஞானமெல்லாம் அப்புறம்தான் வந்தது.

ஆனால் விஷயம் அவரை விடவில்லை. வருஷக்கணக்கில் தெரிந்தவர்களின் ரேகைகளையெல்லாம் வாங்கிச் சேர்த்து, அவை மாறுவதே இல்லை என்று கண்டுகொண்டார். 1877இல் ஹூக்ளி மாவட்டத்தில் மூன்று இடங்களில் அதைப் புகுத்தினார்: பென்ஷன் கொடுக்கும் இடம், பத்திரப் பதிவு, ஜெயில். பென்ஷன்காரர் செத்த பிறகும் அவர் பெயரில் வேறொருவர் வந்து பணம் வாங்கிப்போவதைத் தடுக்க வேண்டும் என்பது முதல் காரணம். இதில் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. யோசித்துப் பார்த்தால், 'போலிகளை ஒழிக்க' என்று இன்று நமக்குச் சொல்லப்படும் காரணமும் அதேதான்.

ஹெர்ஷல் போனபின் இருபது வருஷத்தில் இந்த ரேகை போலீஸ் கைக்கு வந்தது. வங்காள போலீஸ் தலைவர் எட்வர்ட் ஹென்றியின் கீழ் வேலை பார்த்த அஜிஜுல் ஹக், ஹேம சந்திர போஸ் என்ற இருவர்தான் லட்சக்கணக்கான ரேகைகளில் ஒன்றைத் தேடி எடுக்க வழி செய்ததில் பெரும்பங்கு வகித்தவர்கள். 1,024 பிரிவுகள்; எந்த ரேகை எந்தப் பிரிவில் விழும் என்பதற்கு ஒரு கணக்கு. 1897இல் கல்கத்தாவில் ரேகைப் பதிவகம் வந்தது. முறைக்குப் பெயர் என்னவோ 'ஹென்றி முறை'. ஹக்குக்குக் கான் பகதூர், போஸுக்கு ராய் பகதூர் பட்டம். என்ன கொடுமை சார் இது!

இனிமேல்தான் கதை நம் பக்கம் திரும்புகிறது.

இதே ஹென்றியை 1900இல் தென்னாப்பிரிக்காவுக்கு அனுப்பினார்கள், அங்கே போலீஸை ஒழுங்குபடுத்த. சில வருஷங்களில் டிரான்ஸ்வாலில் இந்தியர்கள் எல்லோரும் ரேகை வைத்துப் பதிந்து சீட்டு வைத்திருக்க வேண்டும் என்று சட்டம் வருகிறது. குற்றவாளிக்குச் செய்வதை எங்களுக்கு ஏன் செய்கிறாய் என்று 1906இல் ஜோகன்னஸ்பர்க்கில் கூட்டம் கூடியது. காந்தியோடு தம்பி நாயுடுவும் ஜெயிலுக்குப் போனார். பின்னால் தமிழர்கள் கூட்டம் கூட்டமாகப் போனார்கள். 1908 ஜனவரியில் ஒரு சமரசம் - நீங்களாகவே முன்வந்து பதிந்துகொள்ளுங்கள், சட்டத்தை எடுத்துவிடுவார்கள் என்று. காந்தி நம்பினார், தானே பதியப் போனார், போகிற வழியில் சொந்த ஆட்களிடமே அடிவாங்கினார். சட்டம் போகவில்லை. அந்த ஆகஸ்டில் ஹமீதியா மசூதித் திடலில் சீட்டுகளைக் குவித்துக் கொளுத்தினார்கள். 'விருப்பப்பட்டால் கொடுங்கள்' என்ற வார்த்தையைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு இந்த 1908 ஞாபகம் வந்து தொலைக்கிறது.

மதுரைக்காரர்களுக்கு அடுத்தது தெரிந்திருக்கும். குற்றப்பரம்பரைச் சட்டம் 1871இல் வடக்கே பிறந்தது, 1911க்குப் பிறகு சென்னை மாகாணத்துக்கும் வந்தது. நம் ஊரில் அதற்குப் பெயரே 'ரேகைச் சட்டம்'தான். ஒரு சாதியில் பிறந்துவிட்டால் போதும், ரேகையைப் பதி, ராத்திரி ஸ்டேஷனுக்கு வா, வேறு ஊர் போக வேண்டுமானால் ராதாரிச் சீட்டு வாங்கு. உசிலம்பட்டி பக்கம் பெருங்காமநல்லூரில் பிறமலைக் கள்ளர்கள் ரேகை வைக்க முடியாது என்று நின்றார்கள். 1920 ஏப்ரல் 3, போலீஸ் சுட்டது. பத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். மாயக்காள் என்ற பெண்ணின் பெயரை இன்றும் அங்கே சொல்வார்கள். சென்னை மாகாணத்தில் 1947இலும் நாடு முழுக்க 1952இலும்தான் அந்தச் சட்டம் போயிற்று.

சரளைக்கல் ஒப்பந்தத்தில் வைத்த கை, பென்ஷன் ஆபீஸ் வழியாக, ஜெயில் வழியாக, ஒரு சாதியையே கட்டிப்போடும் கயிறாக அறுபத்திரண்டு வருஷத்தில் வந்து நின்றது. ஒவ்வொரு படியிலும் அடுத்த ஆள் "இது ஏற்கெனவே இருக்கிறதே, நாமும் வாங்கிக்கொள்வோம்" என்று நினைத்ததுதான் நடந்தது.

சுதந்திரத்துக்குப் பிறகு பெரிய துப்பாக்கிச் சத்தம் எதுவும் இல்லை. ஆனால் பழக்கம் மட்டும் அப்படியே இருந்தது. அரிசியும் சர்க்கரையும் மண்ணெண்ணெயும் வாங்க உலகப் போர்க் காலத்தில் வந்த ரேஷன் கார்டு, நாளடைவில் ஸ்கூலுக்கும் பாஸ்போர்ட்டுக்கும் போனுக்கும் முகவரிச் சான்றாகிவிட்டது. அதனால் பெயரை ஊர் கார்டில் வைத்திருந்த நம்மைப் போன்றவர்கள் பட்ட பாடு தனிப் பதிவுக்குத் தாங்கும். 2015இல் மத்திய அரசின் பொது விநியோக ஆணை, ரேஷன் கார்டை அடையாளத்துக்கோ முகவரிக்கோ சான்றாகப் பயன்படுத்தக் கூடாது என்று எழுதிவைத்தது. 2024இல் டெல்லி உயர்நீதிமன்றமும் அதையே சொன்னது. யார் கேட்டார்கள்? வரிக்காக வந்த பான், சேஷன் காலத்தில் 1993இல் ஓட்டுக்காக வந்த அட்டை, இரண்டுக்கும் இதே கதைதான்.

ஆதாருக்கு வருவோம். 2009இல் ஆணையம், 2010 செப்டம்பர் 29இல் மகாராஷ்டிராவின் தெம்ப்ளி கிராமத்தில் முதல் எண், 2016இல் சட்டம். மானியம் சரியான ஆளுக்குப் போக வேண்டும் என்பது சொல்லப்பட்ட காரணம். ஆனால் சட்டத்தின் 57ஆவது பிரிவு தனியார் கம்பெனிகளுக்கும் கதவைத் திறந்து வைத்திருந்தது. தனியுரிமை அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்ட் 24இல் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாகச் சொன்னார்கள். அடுத்த வருஷம் செப்டம்பர் 26இல் ஐந்து நீதிபதிகள் அமர்வு ஆதாரை ஏற்றுக்கொண்டு அந்தத் தனியார் கதவை மூடியது. 2019இல் ஒரு திருத்தம் வந்து வங்கிக்கும் போன் கம்பெனிக்கும் 'விருப்பப்பட்டால்' என்று ஜன்னலைத் திறந்தது. 2025 ஜனவரியில் வந்த விதிகள், அரசு அனுமதி பெற்று மற்ற தனியார் நிறுவனங்களும் சரிபார்க்கலாம் என்று இன்னும் அகலப்படுத்தின. ஜங்கிபூர் பாதை!

இதில் ஒரு வேடிக்கை. 2022 மே 27இல் ஆதார் ஆணையத்தின் பெங்களூர் அலுவலகம் ஒரு அறிக்கை விட்டது. ஆதார் ஜெராக்ஸை யாருக்கும் கொடுக்காதீர்கள், ஓட்டலும் சினிமா தியேட்டரும் அதை வாங்கி வைக்க அதிகாரம் இல்லை, கொடுத்தே ஆக வேண்டுமென்றால் எண்ணை மறைத்த நகலைக் கொடுங்கள் என்று. அப்பாடா, ஒருவழியாகச் சொன்னார்களே என்று நினைப்பதற்குள் 29ஆம் தேதி வாபஸ்! தவறாகப் புரிந்துகொள்ள வாய்ப்பிருக்கிறதாம், மக்கள் வழக்கமான ஜாக்கிரதையோடு இருந்தால் போதுமாம்.

வழக்கமான ஜாக்கிரதை எப்படி இருக்கிறது? சில வருஷம் முன்பு லேக் மார்க்கெட் அருகே ஜால்முரி வாங்கினேன். இங்கே பழைய காகிதத்தில் பை ஒட்டுவார்கள், டோங்கா என்று பெயர். பொரியைத் தின்று முடித்துப் பார்த்தால் பையில் ஒரு பெண்ணின் போட்டோ, பிறந்த தேதி, அப்பா பெயர், முகவரி. ஏதோ விண்ணப்பத்தோடு கொடுத்த ஜெராக்ஸ். எண் மட்டும் மடிப்புக்குள் போயிருந்தது. வீட்டுக்குக் கொண்டுவந்து கிழித்துப் போட்டேன். மீதி எத்தனை பைகளில் யார் யார் போனார்களோ.

பொரிப்பை பரவாயில்லை. அடுத்தவர் ஜெராக்ஸில் சிம் வாங்குவது ஒரு தொழிலாகவே நடந்தது; 2024 ஜனவரி முதல் சிம்முக்குக் காகித நகல் வாங்குவதே நின்றுவிட்டது. 2022 தொடக்கத்தில், தாங்கள் வாங்காத சின்னச் சின்னக் கடன்கள் தங்கள் பான் எண்ணில் ஏறியிருப்பதைப் பலர் கண்டு அலறினார்கள், ஒரு சினிமா நடிகை உட்பட. அதே வருஷம் நவம்பரில் டெல்லி எய்ம்ஸ் ஆஸ்பத்திரியின் கணினிகள் முடக்கப்பட்டு, பல நாள் எல்லாமே கையால் எழுதி நடந்தது. நாட்டின் பெரிய ஆஸ்பத்திரிகளில் ஒன்றுக்கே அந்த கதி. என் அம்மாவுக்குக் கண் பரிசோதித்த கிளினிக்கில் ஆதார் நகல்கள் மேஜையடியில் ஒரு அட்டைப்பெட்டியில் கிடந்தன. எதற்கு என்று கேட்டேன். "நியமம்" என்றார் வரவேற்பில் இருந்த பெண். யாருடைய நியமம் என்று அவருக்கும் தெரியவில்லை, பாவம். வாக்காளர் அட்டையைக் காட்டினேன், பெயர் எழுதிக்கொண்டார், முடிந்தது.

ஆஸ்பத்திரி விஷயத்தில் ஒன்று மட்டும் நினைவில் வையுங்கள். அரசு காப்பீட்டுத் திட்டத்தில் சிகிச்சை என்றால் ஆதார் கேட்பார்கள், அதில் வாதாடிப் பயனில்லை. காசு கொடுத்துப் பார்க்கும் சாதாரண கன்சல்டேஷனுக்குப் பெயர், வயது, போன் எண்ணே தாராளம். கோவிட் தடுப்பூசிக்குக்கூட ஆதார் கட்டாயமில்லை, ஒன்பது ஆவணங்களில் எதுவானாலும் சரி என்று 2022 பிப்ரவரியில் உச்சநீதிமன்றத்திலேயே அரசு சொல்லியிருக்கிறது.

ஓட்டலில் அடையாளம் பதிந்தே ஆக வேண்டும். அதற்கு டிரைவிங் லைசென்ஸ் போதும். நகல் கொடுத்தே தீர வேண்டிய இடத்தில், போட்டோவின் மேலேயே வராமல் எழுத்துகளின் குறுக்கே, யாருக்கு, எதற்கு, என்ன தேதி என்று பேனாவால் எழுதிக் கொடுங்கள். ஆதார் தளத்தில் முதல் எட்டு எண்களை மறைத்த நகல் இலவசமாகவே இறங்குகிறது. வீட்டில் எல்லோருக்கும் அதையே எடுத்து அந்த பிளாஸ்டிக் கவரில் போட்டுவிட்டு, முழு எண் உள்ள பழைய நகல்களைக் கிழித்துவிடலாம். கைரேகையைப் பூட்டி வைக்கும் வசதியும் அங்கேயே உண்டு. உங்கள் பெயரில் எத்தனை சிம் ஓடுகிறது என்று தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் பார்க்கலாம், ரெண்டு நிமிஷ வேலை. 2023இல் வந்த தரவுப் பாதுகாப்புச் சட்டம், எதற்காக வாங்கினாயோ அதற்கு மட்டும் பயன்படுத்து, வேலை முடிந்தால் அழித்துவிடு என்கிறது. விதிகள் 2025 நவம்பரில்தான் வந்தன, கம்பெனிகளின் முக்கியக் கடமைகளுக்குப் பதினெட்டு மாத அவகாசம் வேறு. அதுவரை கிளினிக் அட்டைப்பெட்டிகள் மேஜையடியில்தான் இருக்கும்.