கொசஸ்தலை தின்ற பத்து நாள்

புள்ளலூர்ப் போர் என்றாலே எல்லோரும் ராக்கெட்டைத்தான் பேசுகிறார்கள். நாசாவின் வாலப்ஸ் தளத்தில் திப்புவின் ராக்கெட் ஓவியத்தைப் பார்த்ததாக அப்துல் கலாம் ‘அக்னிச் சிறகுகள்’ நூலில் எழுதிய பிறகு அந்தப் பேச்சு இன்னும் கூடிவிட்டது. நான் பொதுப்பணித் துறையில் ஏரி, மதகு, கலங்கல் என்றே காலத்தை ஓட்டியவன். அந்தப் போரில் என் கண்ணுக்கு முதலில் படுவது ஓர் ஆறு.

1780 ஜூலையில் ஹைதர் அலி மைசூரிலிருந்து கணவாய் இறங்கி ஆற்காட்டுச் சீமைக்குள் நுழைந்தார். கிழக்கிந்தியக் கும்பினிப் படை இரண்டாகப் பிரிந்து கிடந்தது. 1764இல் பக்ஸாரில் வென்ற ஹெக்டர் மன்றோ சென்னைப் பக்கம். கர்னல் வில்லியம் பெய்லி ஏறத்தாழ 2,800 பேருடன் வடக்கே குண்டூர்ப் பக்கம். இருவரும் காஞ்சிபுரத்தில் சேர வேண்டும் என்பது திட்டம். ஆகஸ்ட் 25ஆம் தேதி பெய்லி கொசஸ்தலையாற்றங்கரைக்கு வந்தபோது ஆற்றில் தண்ணீர் குறைவு, இறங்கி நடந்துவிடலாம். ஆனால் வடகரையிலேயே கூடாரம் போட்டார். இரவில் வெள்ளம் வந்துவிட்டது.

மேற்கே மலைப்பக்கம் பெய்த மழை, இங்கே ஒரு தூறல்கூட இல்லாதபோது ஆற்றை நிரப்பிவிடும். ஆவணி மாதத்தில் மதகு பார்க்கும் எந்த லஸ்கரும் ஆற்றை நம்பிப் படுக்க மாட்டான். பெய்லி அக்கரை சேர ஒன்பது பத்து நாள் ஆயிற்று. அதற்குள் ஹைதர், மகன் திப்புவை அவர் வழியில் அனுப்பிவிட்டார். செப்டம்பர் 6ஆம் தேதி பேரம்பாக்கத்தில் மோதல். பெய்லி தாக்குப்பிடித்தார், ஆனால் நகர முடியவில்லை. மன்றோ அங்கிருந்து 14 மைல் தொலைவில், 5,000 பேருக்கு மேல் கொண்ட படையோடு காஞ்சியில் உட்கார்ந்திருந்தார். பெரிய பீரங்கிகளையும் தானியத்தையும் விட்டு வர மனமில்லை. ஃபிளெட்சர் என்பவரோடு சுமார் ஆயிரம் பேரை அனுப்பியதோடு சரி.

புள்ளலூர், காஞ்சிபுரத்துக்கு வடக்கே சுமார் 15 கிலோமீட்டர். நான் போன அன்று ஏரிக்கரையில் மாடு ஓட்டிவந்த பெரியவர், “சார், வெள்ளைக்காரன் கல்லு பாக்க வந்தீங்களா? அப்படியே வயலோரமா போங்க” என்றார். கரைமேல் நின்று பார்த்தேன். எதிர்ப்பக்கம் பத்துப் பீரங்கியை நிறுத்தினாலும் இந்தப் பக்கத்துக்குத் தெரியாது. கரையைவிட்டு இறங்கினால் வரப்புக்கு வரப்பு தடுக்கும். பாரம் ஏற்றிய மருந்து வண்டி ஓடும் தரையா அது?

செப்டம்பர் 10 காலையில் இந்தத் தரையில்தான், காஞ்சி நோக்கி வந்த பெய்லியை ஹைதரும் திப்புவும் வளைத்தார்கள். இரும்புக் குழாயில் மருந்து அடைத்து மூங்கிலில் கட்டிய ராக்கெட்டுகள் பறந்தன, பீரங்கிகளும் முழங்கின. கும்பினியின் வெடிமருந்து வண்டிகள் வெடித்துச் சிதறின. அதற்குப் பிறகு சுடுவதற்கு மருந்தே இல்லை. ஃபிளெட்சர் செத்தார், பெய்லி சரணடைந்தார். ஸ்ரீரங்கப்பட்டணத்து தரியா தௌலத் மாளிகைச் சுவரில், வண்டி வெடிப்பதையும் பல்லக்கில் பெய்லி தவிப்பதையும் இன்றும் பார்க்கலாம். ராக்கெட் பயங்கரமான ஆயுதம்தான், மறுக்கவில்லை. ஆனால் ஆற்றங்கரையில் போன பத்து நாளும் காஞ்சியில் அசையாமல் கிடந்த படையும் இல்லையென்றால், அது இவ்வளவு பேரை ஒரே இடத்தில் பிடித்திருக்காது.

பெரியவர் சொன்ன கல், உயரமான இரண்டு நினைவுத் தூண்கள். தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கின்றன. பலர் நினைப்பதுபோல் அவை பெய்லியின் ஆட்களுக்கு வைத்தவை அல்ல. மறு ஆண்டு, 1781 ஆகஸ்ட் 27 அன்று, கும்பினித் தளபதி ஐர் கூட்டோடு மோதுவதற்கு ஹைதர் ராசியான இடம் என்று இதே களத்தைத் தேர்ந்தெடுத்தார். அந்தச் சண்டையில் இறந்த இரண்டு வெள்ளை அதிகாரிகளுக்கு அந்தத் தூண்கள். இரண்டு போரிலும் கும்பினிக்காக நின்றவர்களில் பெரும்பாலோர் நம் ஊர்ச் சிப்பாய்கள். அவர்களுக்கு அங்கே ஒரு செங்கல்கூட இல்லை.

களம் இன்னும் பழையது. ஏழாம் நூற்றாண்டில் மகேந்திரவர்மன் தன் பகைவரைப் புள்ளலூரில் அழித்ததாகப் பல்லவரின் காசாக்குடிச் செப்பேடு சொல்கிறது. இரண்டாம் புலிகேசியின் ஐஹொளே கல்வெட்டோ, பல்லவன் காஞ்சி மதிலுக்குள் ஒளிந்துகொண்டான் என்கிறது. வென்றவர் யார் என்பதை அவரவர் கல்லிலும் செம்பிலும் அவரவர் எழுதிக்கொண்டார்கள்.

மன்றோவும் காஞ்சி மதிலை நம்பியவர்தான். பத்தாம் தேதி வெடிச்சத்தம் கேட்டுப் புறப்பட்டார், பாதி வழியில் செய்தி தெரிந்து திரும்பினார். எந்தப் பீரங்கிகளை விட்டு வர மாட்டேன் என்றாரோ அவற்றைக் காஞ்சியில் ஒரு குளத்தில் தள்ளிவிட்டுச் செங்கல்பட்டு வழியாகச் சென்னைக்கு ஓடினார். பெய்லி 1782 நவம்பரில் ஸ்ரீரங்கப்பட்டணம் சிறையில் இறந்தார். அதற்கு ஓராண்டு முன்பே மன்றோ டச்சுக்காரர்களிடமிருந்து நாகப்பட்டினத்தைப் பிடித்துப் பெயரை மீட்டுக்கொண்டார். பிறகு ஸ்காட்லாந்து திரும்பி, ஜெனரலாகவே செத்தார்.