பிரான்சிய மகளிர் ஒற்றையர் ரெனிஸ்: மூடிய வாயிலும் திறந்த வாயிலும்

இன்று களிமண் களப் போட்டிகளுள் தலையாயதாக விளங்கும் பிரான்சிய ரெனிஸ் போட்டி, 1891ஆம் ஆண்டில் ஆடவர்க்கெனவே தோன்றியது. மகளிர் ஒற்றையர் ஆட்டம் 1897இற் சேர்க்கப்பட்டது. முதன்முதல் வாகை சூடியவர் அதீன் மசோன். எனினும், பிரான்சியக் கழகங்களின் உறுப்பினர் தவிர்ந்த எவர்க்கும் ஆங்கு இடமிருக்கவில்லை. இக்கட்டுப்பாடு 1924 வரை நிலவியது.

சுசான் லெங்லென் 1920 முதல் 1923 வரை தொடர்ச்சியாக நான்கு முறை இப்பட்டத்தைப் பெற்றார். வாயில் திறந்த 1925இல் இறுதியாட்டத்திற் பிரித்தானியரான கிற்றி மக்கேனை 6-1, 6-2 என வென்றார். 1926இலும் பட்டம் அவருக்கே உரித்தாயிற்று. பெரும் போட்டிகளின் வெற்றிகளைக் கணக்கிடுவோர் பின்னைய இரண்டையே கொண்டு, முன்னைய நான்கையும் தள்ளிவிடுவர். பிறநாட்டார் எதிர்த்து ஆடாத வெற்றி குறைவுடையது என்பது அவர்தம் நியாயம். விதியளவில் இது பொருந்தும். ஆட்டத்திறனை அளத்தற்கோ சிறிதும் போதாது. ஏனெனில், பாரிசை அடுத்த சென்குளூவிற் களிமண் மீது நடந்த உலக வன்தரைப் போட்டி (பெயர்தான் வன்தரை!) எந்நாட்டார்க்கும் திறந்திருந்தது. லெங்லென் அதனை 1914இல், 15 வயதளவிலேயே வென்றார். மூடிய ஆண்டுகளுள் ஒன்றான 1921இல், அமெரிக்க வாகையாளரான மொல்லா மலோரியை அதன் இறுதியாட்டத்தில் 6-2, 6-3 எனத் தோற்கடித்தார்.

1926இல் அவர் தொழின்முறை ஆட்டத்திற்குச் சென்றார். அடுத்த ஆண்டு, வாயில் திறந்தபின் முதன்முறையாக, பிரான்சியப் பட்டம் பிறநாட்டாரான ஒல்லாந்தின் கியா பௌமனைச் சேர்ந்தது.