கரிவரதன்: ஓட்டியவர் செய்த வண்டி

ஆழியாற்றிலிருந்து வால்பாறைக்கு ஏறும் சாலையில் 40 கொண்டை ஊசி வளைவுகள் உண்டு. பட்டறையில் தெரியாத வண்டியின் குறை அந்த வளைவுகளில் தெரிந்துவிடும் என்பதை இம்மலையில் வண்டி ஓட்டும் நாம் அறிவோம். பந்தய வண்டிகளை வடிவமைத்த முன்னோடிகளில் பலர் பந்தய வீரர்களாகவும் இருந்ததன் காரணம் இதுவே எனலாம். கலிபோர்னியாவின் மலைச்சரிவுகளில் மிதிவண்டிப் பந்தயம் ஓட்டிய ஜோ பிரீஸ், 1977இல் மலைக்கேற்ற மிதிவண்டியைத் தம் கையாலேயே உருவாக்கினார். கொங்கு நாட்டில் அந்த மரபுக்கு உரியவர், கார்ப் பந்தய வீரர் சு. கரிவரதன்.

1954இல் பிறந்த கரிவரதன் கோவையின் லட்சுமி மில் குடும்பத்தைச் சேர்ந்தவர். அவர் காலத்தில் சென்னைக்கருகே சோழவரத்தில் இருந்த பழைய விமான ஓடுதளமே தென்னகத்தின் பந்தயக் களம். வெளிநாட்டுப் பந்தயக் கார்களைத் தருவிக்கும் வசதி படைத்தவர்கள் ஒருபுறம். பியட்டையும் அம்பாசிடரையும் திருத்தி ஓட்டியவர்கள் மறுபுறம். வெற்றியில் பாதியைப் பணமே தீர்மானித்தது.

கரிவரதன் அந்த அனுகூலத்தை நாடியிருக்கலாம். அவரோ 1980களின் இறுதியில், 1983 முதல் நம் தெருக்களில் ஓடிய மாருதி 800இன் 796 சிசி எந்திரத்தைக் கொண்டு, ஒற்றை இருக்கைப் பந்தயக் காரை வடிவமைத்தார். 'பார்முலா மாருதி' என்னும் பந்தய வகை அதிலிருந்து பிறந்தது. எந்திரத்துக்கு உதிரிபாகம் எந்த ஊரிலும் கிடைக்கும். எல்லோருக்கும் ஒரே எந்திரம். எனவே வேறுபாடு ஓட்டுநரின் திறமையில் மட்டுமே வெளிப்பட்டாக வேண்டும். உலகத் தரத்தில் அது வேகம் குறைந்த கார்தான். ஆனால் அந்த எளிமையே இளைஞர்களுக்குக் கதவைத் திறந்தது.

அக்கதவின் வழியே வந்தவர்களில் ஒருவர் கோவையின் நரேன் கார்த்திகேயன். பார்முலா மாருதியில் தொடங்கிய அவர், 2005இல் ஜோர்டான் அணிக்காக ஓட்டி, பார்முலா ஒன்றில் இடம்பெற்ற முதல் இந்தியரானார். அதைக் காணக் கரிவரதன் இல்லை. 1995இல், 41ஆம் வயதில், விமான விபத்தொன்றில் அவர் மறைந்திருந்தார்.

செட்டிப்பாளையத்தில் உள்ள பந்தயத் தடம் இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. அங்கே செல்லும் இளையோருக்கு நாம் சொல்ல வேண்டியது ஒன்றுண்டு. வசதி படைத்த ஒருவர், வசதியால் வெல்ல முடியாத ஒரு போட்டியை உருவாக்கித் தந்தார். அவர் ஓட்டிய பந்தயங்களைவிட நாம் நினைவில் கொள்ளத்தக்கது இதுவே.